வெள்ளிக் காசில் படிந்த பச்சைப் பிசின்

ஆஸ்திரியப் பேரரசர் முதலாம் பிரான்ஸ் ஜோசப்பின் உருவம் பொறித்த 1900ஆம் ஆண்டு ஐந்து கொரோனா (அந்நாட்டின் அன்றைய நாணயம்) காசு ஒன்று, பழைய பிவிசி பிளாஸ்டிக் உறையோடு என்னிடம் வந்தபோது, அவருடைய மீசையோரம் பச்சையாகப் பிசுபிசுத்தது. 24 கிராம் எடையுள்ள இக்காசில் ஆயிரத்துக்கு 900 பங்கு வெள்ளி, மீதி செம்பு. மென்மையான பிவிசி சிதையும்போது வெளிவரும் அமிலம் அந்தச் செம்பைத் தாக்குவதால்தான் இந்தப் பச்சை. புளியோ விபூதியோ இட்டுத் தேய்த்தால் காசு பளபளக்கும், சேகரிப்பு மதிப்போ போய்விடும். ஆகவே சன்னல்களைத் திறந்துவைத்து, அருகில் நெருப்பில்லாமல் பார்த்துக்கொண்டு, பிசினைக் கரைக்கும் திரவமான அசிட்டோனைக் கலப்பில்லாமல் கண்ணாடிக் கிண்ணத்தில் ஊற்றிக் காசை மூழ்கவைத்து, தேய்க்காமல் புரட்டிவிட்டு, பின்னர் புதிய அசிட்டோனில் அலசிக் காற்றில் உலரவிட்டேன். (நகப்பூச்சு நீக்கி உதவாது, அதில் மணமும் எண்ணெயும் கலந்திருக்கும்.) பிசின் முழுவதும் கரைந்தது, அரிப்பு விழுந்த சில புள்ளிகள் மட்டும் அப்படியே உள்ளன. காசு இப்போது பிவிசி இல்லாத பாலியெஸ்டர் உறையில் இருக்கிறது.