பதக்கப் பட்டியலைப் பலகையில் எழுதுவது எப்படி?

சேலத்திலோ ஏற்காட்டிலோ ஒரு பள்ளியின் கரும்பலகையில், 2026 செப்டம்பர் 19 அன்று ஜப்பானின் ஐச்சி-நகோயாவில் தொடங்கவுள்ள ஆசிய விளையாட்டுப் போட்டியின் பதக்கப் பட்டியலை நாள்தோறும் எழுதவிருப்பவர், முதலில் வரிசை முறையை உறுதிசெய்துகொள்ள வேண்டும். தங்கம் அதிகம் பெற்ற நாடே மேலே வரும். தங்கம் சமமானால் வெள்ளியும், அதுவும் சமமானால் வெண்கலமும் பார்க்கப்படும். மூன்றும் சமமானால் இரு நாடுகளுக்கும் ஒரே இடம். மொத்தத்தை வைத்து வரிசைப்படுத்தினால் பட்டியல் தவறிவிடும். 2023-இல் சீனாவின் ஹாங்சோவில் நடந்த ஆசிய விளையாட்டுப் போட்டியில் தென்கொரியா 190 பதக்கங்களும் ஜப்பான் 188 பதக்கங்களும் பெற்றன; ஆனாலும் தென்கொரியாவைவிடப் பத்துத் தங்கம் கூடுதலாக, 52 தங்கம் வென்ற ஜப்பானுக்கே இரண்டாம் இடம் கிடைத்தது.

குத்துச்சண்டை, ஜூடோ, மல்யுத்தம், கபடி ஆகியவற்றில் இரண்டு வெண்கலம் வழங்கப்படுவதால், எல்லா நாடுகளுக்கும் சேர்த்து வெண்கலத்தின் கூட்டுத்தொகை தங்கத்தைவிட அதிகமாகவே வரும். கணக்குத் தப்பிவிட்டதென்று அதை அழிக்க வேண்டாம். கபடி அணி முழுவதும் சேர்ந்து வென்ற தங்கமும் தனியொருவர் வென்ற தங்கமும் பட்டியலில் ஒன்றுதான்.

பலகையைவிட முக்கியமானது, போட்டிவாரியாக எழுதிவைக்கும் குறிப்பேடு என்பேன். 2018 ஜகார்த்தா போட்டியில் இந்தியாவின் கணக்கு 15 தங்கம், 24 வெள்ளி, 30 வெண்கலம் என்றே முதலில் இருந்தது. பஹ்ரைன் வீராங்கனை கெமி அடெகோயா ஊக்கமருந்துச் சோதனையில் சிக்கியதால், கலப்புத் தொடரோட்டத்தில் இந்தியாவின் வெள்ளி தங்கமாயிற்று. 400 மீட்டர் தடையோட்டத்தில் நான்காவதாக வந்த அனு ராகவனுக்கு வெண்கலம் கிடைத்தது. ஆகவே கணக்கு 16, 23, 31 என்று மாறியபோதும் மொத்தம் ஒன்று மட்டுமே கூடி 70 ஆனது. எந்தப் பதக்கம் எந்தப் போட்டியில் வந்தது என்ற குறிப்பு இல்லாதவர், இத்தகைய திருத்தத்தைக் குருட்டுத்தனமாகவே செய்ய நேரிடும்.

ஜப்பானிய நேரம் நம் நேரத்தைவிட மூன்றரை மணி முன்னே செல்வதால், அங்கே இரவு 9 மணிக்கு முடியும் இறுதிப்போட்டியின் முடிவு இங்கே மாலை 5.30 மணிக்கே தெரிந்துவிடும். அன்றைய பட்டியலை அன்றே எழுதி முடிக்கலாம்.

சேலம் மாவட்டத்துப் பெரியவடகம்பட்டியைச் சேர்ந்த மாரியப்பன் தங்கவேலுவின் பதக்கம் எங்கே என்று கேட்போர் நம் ஊரில் நிச்சயம் இருப்பார்கள். ஹாங்சோவில் உயரம் தாண்டுதலில் அவர் வென்ற வெள்ளி, மாற்றுத்திறனாளிகளுக்கான ஆசிய பாரா விளையாட்டுப் போட்டியில் இந்தியா பெற்ற 111 பதக்கங்களில் ஒன்று. அது தனிப் போட்டி; ஐச்சி-நகோயாவிலும் அக்டோபர் 18 அன்றுதான் தொடங்கவிருக்கிறது. அதற்குத் தனிப் பட்டியல் தொடங்க வேண்டுமே தவிர, பழைய எண்களோடு கூட்டக் கூடாது.