ஃபார்மோசா புராஜெக்ட்டா? ஆத்துல இருந்து ஆரம்பிங்க
எங்க அக்கா மகளுக்கு ஸ்கூல்ல தென் அமெரிக்க மாகாணம் ஒண்ணை மாடல் செஞ்சு கொண்டாரச் சொல்லி, சீட்டு குலுக்குனதுல அர்ஜென்டினாவோட ஃபார்மோசா விழுந்துச்சு. நெட்ல வெறும் ஃபார்மோசான்னு தேடிறாதீங்க, தைவானுக்கும் பழைய பேரு அதான், கலர் பிரிண்ட் எடுத்து பாதி ஒட்டுன பெறகுதான் எங்களுக்கே தெரிஞ்சுச்சு. அர்ஜென்டினான்னு சேத்து அடிங்க.

தெர்மாகோல்ல எல்லையை வரையாதீங்க, ஆத்தை வரைங்க, எல்லை தானா வந்துரும். வடக்க பில்கோமாயோ, தெக்க பெர்மெஹோ, கெழக்க பராகுவே ஆறு. வடக்கயும் கெழக்கயும் அக்கரை பராகுவே நாடு. மேக்க மட்டும் ஸ்கேல் வச்சு ஒரு கோடு. மேக்கு ஓரத்துக்கு அடியில ரெண்டு அட்டை வச்சா லேசா கெழக்க சரியும், அது போதும், யானைமலை மாதிரி மலையெல்லாம் அங்க கெடையாது.

பில்கோமாயோவை கடைசி வரைக்கும் ஒரே நீலக்கோடா இழுத்துறாதீங்க. பொலிவியா மலையில இருந்து வண்டலை அள்ளிட்டு வந்து தன் வாய்க்காலை தானே அடைச்சுக்கிட்டு, பான்யாடோ லா எஸ்ட்ரெயாங்கிற பெரிய சதுப்பா பரந்துரும். வைகை ராம்நாடு பெரிய கண்மாயில போயி நிக்குதுல்ல, அந்த மாதிரி, என்ன, நம்மது தண்ணி இல்லாம, அது வண்டல் தாங்காம. அந்தத் தண்ணிக்குள்ள செத்த மரம் எல்லாம் கொடி மூடி நிக்கும், குச்சியில பச்சை நூல் சுத்தி நட்டுருங்க, பாக்க அம்சமா இருக்கும்.

கெழக்க மழை ஜாஸ்தி, கராண்டாய்னு ஒரு மரம், நம்ம பனை மாதிரியே விசிறி ஓலை. மேக்க காஞ்ச முள்ளுக்காடு, அதுக்கு சீமைக்கருவ குச்சி ஒடிச்சு நடலாம், தப்பே இல்ல, அதோட சொந்தக்கார மரம்தான் அங்க அல்கரோபோ. நாம கோர்ட்டு வரைக்கும் போயி வெட்டச் சொன்னோம், அங்க நெத்தை இடிச்சு மாவாக்கி திங்கிறாங்க. கெப்ராச்சோ மரத்துச் சாறு தோல் பதப்படுத்த, திண்டுக்கல் தோல் ஷாப்புல ஆவாரம்பட்டை பாத்த அதே வேலை.

பரப்பு 72,066 சதுர கிலோமீட்டர், தமிழ்நாட்டுல பாதிக்கு மேல. ஜனம் 2022 கணக்குப்படி சுமார் 6 லட்சம், நம்ம மதுரை மாவட்டமே 2011லயே 30 லட்சம். மேக்க விச்சி, நடுவுல பிலாகா, கெழக்க கோம்னு பழங்குடி மக்கள் இருக்காங்க. இறகு வச்ச பொம்மை எல்லாம் ஒட்டாதீங்க, அசிங்கம். 1947ல லாஸ் லோமிட்டாஸ் பக்கம் பிலாகா ஜனத்தை அரசாங்கப் படையே சுட்டுக் கொன்னுச்சு, 2019ல கோர்ட்டு அதை மனித குலத்துக்கு எதிரான குத்தம்னு சொல்லுச்சு. பிள்ளைக்கு எதுக்கு இதெல்லாம்னு அக்கா கேட்டுச்சு, நான் எழுதியே தீரணும்னுட்டேன்.

பொழப்புக்கு மாடு, பருத்தி, வாழை, மரம், மீதி நெறைய பேருக்கு அரசாங்க வேலை. க்ளோரிண்டாங்கிற எல்லை ஊர்ல இருந்து பராகுவேயோட நனாவா ஊருக்கு ஒரு நடைபாலம் இருக்கு, அதை மறக்காம செய்ங்க, தீக்குச்சியே போதும். அர்ஜென்டினா பெசோ விழுந்தா அக்கரை ஆளுக இங்க வந்து அள்ளுவாங்க, ஏறுனா இவங்க அங்க போவாங்க.

ஃபெவிகாலை முந்தின நாளே வச்சுருங்க, ஷேர் ஆட்டோவுல மொதல்ல சாயிறது அந்தப் பனைதான்.