எத்தியோப்பியாவை வீட்டில் பாடமாக்குகிறீர்களா? தவிர்க்க வேண்டிய தவறுகள்

ஒரு நாட்டை எடுத்துக்கொண்டு, கணக்கு, மொழி, அறிவியல், வரலாறு, சமையல் எல்லாவற்றையும் அதை வைத்தே நான்கு வாரம் சொல்லிக்கொடுப்பது, பிள்ளைகளை வீட்டிலேயே படிக்கவைக்கும் பெற்றோருக்குப் பிடித்த முறை. ஐந்திலிருந்து ஒன்பது வயது வரை இது நன்றாகவே கைகொடுக்கும். ஆனால் ஆப்பிரிக்கா என்று வந்ததும் முதல் நாளே தடம் மாறிவிடுகிறது. 'ஆப்பிரிக்கா வாரம்' என்று பெயர் வைத்து, சுவரில் சிங்கமும் ஒட்டகச்சிவிங்கியும் ஒட்டி, அட்டையில் ஒரு மேளம் செய்து முடித்துவிடுகிறார்கள். 54 நாடுகள் கொண்ட கண்டத்தில் பிள்ளைக்கு ஒரு நாடுகூட மனதில் நிற்காது. ஒரே ஒரு நாட்டை எடுங்கள். எத்தியோப்பியாவைச் சொல்வதற்குக் காரணம் உண்டு: தமிழ்ப் பிள்ளை தொட்டுப் பார்த்துப் புரிந்துகொள்ள இவ்வளவு பிடிமானம் வேறு நாடுகளில் எளிதில் கிடைக்காது.

வரைபடத்தில் வரும் பிழைகள்

வீட்டில் கிடக்கும் பழைய அட்லஸை நம்பாதீர்கள். 1993-ல் எரித்ரியா தனி நாடானது. அதற்கு முந்தைய படங்களில் எத்தியோப்பியாவுக்குச் செங்கடல் கரை இருக்கும். இன்று அது கடற்கரையே இல்லாத நாடு. பழைய படத்தைப் பார்த்து வரையும் பிள்ளை ஆசையாகக் கப்பலும் துறைமுகமும் வரைந்துவிடும். சுவரில் மாட்டும் உலகப் படமும் பெரும்பாலும் அளவைத் திரித்தே காட்டும். அதில் கிரீன்லாந்து ஆப்பிரிக்காவுக்குச் சமமாகத் தெரிந்தாலும், உண்மையில் ஆப்பிரிக்கா சுமார் 14 மடங்கு பெரியது. அதனால் உலக உருண்டையில்தான் தொடங்க வேண்டும். கோவில்பட்டி இருக்கும் இடத்தில் பிள்ளையின் விரலை வைத்து, அதே அட்சரேகையில் மேற்கே நகர்த்தச் சொல்லுங்கள். அரபிக்கடலைத் தாண்டினால் எத்தியோப்பியாவின் தலைநகர் அடிஸ் அபாபா வரும். இரண்டுமே ஏறத்தாழ 9 டிகிரி வடக்கு.

அடுத்த கேள்வியைப் பிள்ளையே கேட்கும்: அப்படியானால் அங்கேயும் கோவில்பட்டி வெயில்தானா? இல்லை. அடிஸ் அபாபா கடல் மட்டத்திலிருந்து ஏறத்தாழ 2,350 மீட்டர் உயரத்தில், கிட்டத்தட்ட ஊட்டியின் உயரத்தில் இருக்கிறது. 'ஆப்பிரிக்கா என்றால் பாலைவனம்' என்ற எண்ணத்தை நீங்கள் மறுத்துப் பேச வேண்டியதில்லை, சுவரில் ஒரு காகிதப் பட்டை போதும். 100 மீட்டருக்கு 1 செ.மீ. என்று வைத்துக்கொண்டால் ஊட்டி 22 செ.மீ.யைத் தாண்டி நிற்கும், அடிஸ் அபாபா அதற்குச் சற்று மேலே, நாட்டின் மிக உயர்ந்த ராஸ் தஜன் சிகரம் 45-ல். கடல் மட்டத்துக்குக் கீழே கிடக்கும் தனாகில் பள்ளத்தைக் குறிக்க மட்டும் கடல் மட்டக் கோட்டுக்குக் கீழே 1 செ.மீ.க்கு மேல் இறங்க வேண்டும். பட்டையைத் தரையிலிருந்தே ஒட்டிவிட்டால் அதற்கு இடமிருக்காது. கீழே ஒரு சாண் விட்டுத் தொடங்குங்கள்.

எழுத்து: கையிலிருக்கும் புதையல்

பலர் தவறவிடுவது இதைத்தான். எத்தியோப்பியாவில் பேசப்படும் அம்ஹாரிக் மொழியின் ஃபிதெல் எழுத்து, உயிர்மெய் முறையில் அமைந்தது. இடமிருந்து வலமாக எழுதுவது. ஒவ்வொரு மெய்க்கும் ஏழு வடிவங்கள்: ஏறத்தாழ ல, லு, லீ, லா, லே, ல், லோ என்று போகும். 33 அடிப்படை எழுத்துகள், ஏழால் பெருக்கினால் 231. நம்முடையது 18 மெய், 12 உயிர், 216. ஆங்கிலம் மட்டும் படித்த பிள்ளைக்கு இதை விளக்க ஒரு வாரம் ஆகும். க, கா, கி, கீ தெரிந்த பிள்ளைக்கு ஐந்து நிமிடம்.

செய்யும் தவறு, 231 எழுத்து அட்டவணையை அப்படியே அச்செடுத்துக் கையில் கொடுப்பது. பிள்ளை மிரண்டுபோகும். அதோடு எல்லா வரிசையும் ஒழுங்காக மாறுவதில்லை. ம, ர வரிசைகளில் வடிவங்கள் வேறு மாதிரி போகும். ல, ப, ஸ என்ற மூன்று வரிசைகளை மட்டும் எடுங்கள். மூன்றும் கால் ஊன்றி நிற்கும் எழுத்துகள், ஒரே மாதிரி மாறுபவை. 'உ' ஓசைக்கு வலப்பக்கம் இடுப்பில் ஒரு சிறு கோடு. 'ஈ' என்றால் அந்தக் கோடு பாதத்துக்கு இறங்கும். 'ஏ' என்றால் பாதத்தில் ஒரு வளையம். நம் கொம்பும் காலும் செய்கிற வேலையைத்தான் அவை செய்கின்றன. முதல் வரிசையைக் காட்டிவிட்டு, இரண்டாவது வரிசையைப் பிள்ளையையே ஊகிக்க விடுங்கள். சரியாக வரும்போது அந்த முகத்தைப் பார்க்க வேண்டும்.

இதை 'எத்தியோப்பிய மொழி' என்று மட்டும் சொல்லிவிடாதீர்கள். அங்கே 80-க்கும் மேற்பட்ட மொழிகள் உண்டு. கோடிக்கணக்கானோர் பேசும் ஒரோமோ மொழி இலத்தீன் எழுத்தில் எழுதப்படுகிறது.

இன்ஜெராவைத் தோசையாக்காதீர்கள்

இன்ஜெரா என்பது எத்தியோப்பியர்களின் புளித்த அப்பம், டெஃப் என்ற மிகச்சிறிய தானியத்தில் செய்வது. டெஃப் கிடைக்கவில்லை என்று மைதாவில் சோடா உப்பைப் போட்டுச் சுடுவது வழக்கமாகிவிட்டது; புளிப்பும் வராது, பாடமும் வராது. கேழ்வரகு எடுங்கள். அது கிழக்கு ஆப்பிரிக்க மேட்டுநிலத்திலிருந்து நம்மிடம் வந்த தானியம். எத்தியோப்பியாவில் தகுஸா என்று பெயர், அங்கேயும் இன்ஜெராவில் கலப்பார்கள். நம் வீட்டுக் கூழின் ஊரைப் பிள்ளை உருண்டையில் தொட்டுக் காட்டலாம்.

2 கப் கேழ்வரகு மாவு, அரை கப் கோதுமை மாவு, சுமார் 3 கப் தண்ணீர், 2 மேசைக்கரண்டி புளித்த தோசை மாவு. கரைத்து மூடிவையுங்கள். அடிஸ் அபாபாவின் குளிரில் இரண்டு மூன்று நாள் ஆகும் புளிப்பு, நம் ஊர் வெயிலில் ஒரே இரவில் வந்துவிடும். காலையில் மேலே தெளிந்து நிற்கும் நீரை வடித்துவிடுங்கள். பிறகு அரை கப் மாவை எடுத்து, 1 கப் தண்ணீரில் கஞ்சியாகக் காய்ச்சி, நன்றாக ஆறியபின் மீண்டும் மாவில் கலந்து, குமிழி வரும்வரை ஒரு மணி நேரமாவது வையுங்கள். இந்தக் கஞ்சியை விட்டுவிடுவதால்தான் பலருக்கு இன்ஜெரா விரிந்து உடைகிறது. கேழ்வரகில் பிசுக்குத்தன்மை கிடையாது, கஞ்சிதான் பிடித்து நிறுத்தும்.

தோசை மாவைவிட நீர்க்க இருக்க வேண்டும். எண்ணெய் ஊற்றாமல், ஒட்டாத கல்லில் வெளிவட்டத்திலிருந்து உள்ளே சுற்றி ஊற்றுங்கள். மேலே கண் கண்ணாகத் துளைகள் வந்ததும் மூடி, ஒரு நிமிடம். ஓரம் தானாகக் கிளம்பும். திருப்பிப் போடவே கூடாது, திருப்பினால் அந்தக் கண்கள் அடைந்துபோகும். குழம்பை உறிஞ்சுவது அவைதான். சூட்டோடு ஒன்றன்மேல் ஒன்று அடுக்கினால் ஒட்டிக்கொள்ளும்; துணியில் ஆறவிடுங்கள்.

தொட்டுக்கொள்ள மைசூர் பருப்புக் குழம்பு போதும். ஆளுக்கொரு தட்டு வைக்காதீர்கள். எல்லோருக்கும் ஒரே பெரிய தட்டு. வலக்கையால் பிய்த்து, ஒரு வாய் சுருட்டி அடுத்தவருக்கு ஊட்டிவிடுவதற்கு குர்ஷா என்று பெயர். அங்கே அது அன்பும் மரியாதையும்.

கடிகாரமும் நாட்காட்டியும்

'எத்தியோப்பியர்கள் ஏழெட்டு வருடம் பின்தங்கியிருக்கிறார்கள்' என்று வேடிக்கையாகச் சொல்வது தவறான விதை. இயேசு பிறந்த ஆண்டை அவர்கள் திருச்சபை வேறு விதமாகக் கணக்கிட்டது, அவ்வளவுதான். அவர்கள் 2000-ஆம் ஆண்டை வரவேற்ற நாள் நமக்கு 12 செப்டம்பர் 2007. ஆண்டுக்கு 13 மாதம்: முப்பது நாளில் பன்னிரண்டு, பாகுமே என்ற ஐந்து அல்லது ஆறு நாள் மாதம் ஒன்று. நாளுக்கொரு பாசிமணியாகக் கோத்தால் கணக்குப் பாடம் முடிந்தது. அங்கே மணி எண்ணுவது விடியலிலிருந்து. நம் காலை 7 அவர்களுக்கு 1 மணி. நாழிகைக் கணக்கும் சூரிய உதயத்திலிருந்துதானே தொடங்கியது.

லாலிபெலா: கட்டாதீர்கள், குடையுங்கள்

எத்தியோப்பியாவின் லாலிபெலா ஊரில் உள்ள 11 தேவாலயங்களை அட்டைப் பெட்டியில் செய்யவைத்தால் முக்கியமான விஷயமே போய்விடும். அவை கட்டப்பட்டவை அல்ல, பாறையைக் குடைந்தவை. சிலுவை வடிவ பெதே கியோர்கிஸ் மேலிருந்து கீழாகச் செதுக்கப்பட்டது. புதிய குளியல் சோப்பு ஒன்று கொடுங்கள் (பழைய, காய்ந்த சோப்பு வெடிக்கும்). மேல்முகத்தில் கூட்டல் குறி வரைந்து, ஐஸ்கிரீம் குச்சியால் அதைச் சுற்றிப் பள்ளம் தோண்டச் சொல்லுங்கள். ஓரச் சுவர் நிற்க வேண்டும், நடுவில் இருப்பது கோயில். ஒரு முறை பெயர்த்ததை ஒட்டமுடியாது என்பதைக் கை உணரும். கழுகுமலை வெட்டுவான் கோயிலும் மேலிருந்து கீழாகச் செதுக்கத் தொடங்கி முடிக்காமல் விட்டதுதான். போக முடிந்தவர்கள் அதே மாதத்தில் அழைத்துச் செல்லுங்கள்.

பஞ்சப் படங்களோடு இந்த வயதுப் பிள்ளைக்கு நாட்டை அறிமுகப்படுத்த வேண்டாம். எத்தியோப்பிய ஓட்டக்காரர் அபெபே பிகிலா 1960 ஒலிம்பிக்கில் ரோமில் வெறுங்காலோடு மாரத்தான் வென்றதையும் 'பாவம், செருப்பில்லை' என்று சொல்லக்கூடாது. வெறுங்காலில் ஓடிப் பழகியவர் அவர். 1964-ல் டோக்கியோவில் காலணியோடு ஓடி மீண்டும் தங்கம் வென்றார். விலங்குக்கு ஒட்டகச்சிவிங்கியை விடுத்து, அந்த மேட்டுநிலத்தில் மட்டுமே வாழும், புல்லைத் தின்னும் கெலாடா குரங்கைச் சொல்லுங்கள்.

கடைசி நாளுக்குக் காபி. குழந்தைகள் காபி குடிப்பதில்லையே என்று விட்டுவிடாதீர்கள். அரபிகா காபியின் தாயகம் அது. வறுத்து அரைக்கும் கடையில் 50 கிராம் வறுக்காத கொட்டை வாங்கி, பெரியவர் கிண்டக் கிண்ட, பச்சை மஞ்சளாகிப் பழுப்பாகும் நிறங்களைப் பிள்ளை வரிசையாகக் குறிக்கட்டும். அங்கே காபியோடு சோளப்பொரி வைப்பார்கள், அது பிள்ளைகளுக்கு. அபோல், தோனா, பெரெகா என்று மூன்று சுற்று உண்டு. பெரெகா என்றால் ஆசி. முதல் சுற்றோடு எழுந்துவிடாமல் இருக்க, அன்று மாலை வேறு வேலை எதுவும் வைத்துக்கொள்ளாதீர்கள்.