தனி ஆரம்பித்ததும் எழுந்து போகாதீர்கள்: கச்சேரிக்குப் புதிதாக வருகிறவர்கள் தவிர்க்க வேண்டிய தவறுகள்

கஞ்சிரா என்ற சின்னத் தோல் வாத்தியத்தை வாசிக்கிறவனுக்கு ஒரு வசதி உண்டு. பாடகருக்குப் பின்னால் சற்றுத் தள்ளி உட்கார்ந்திருப்பதால் அரங்கம் முழுவதும் கண்ணில் படும். ஒவ்வொரு மார்கழியிலும் புது முகங்களைப் பார்க்கிறேன். யூடியூபில் யாரோ ஒரு பாடகரைக் கேட்டு மயங்கி, அவர் பாடுகிற சபாக்களை எல்லாம் தேடித் தேடி வருகிறவர்கள். நாரத கான சபாவில் பார்த்த அதே பையனை நான்கு நாள் கழித்து தி.நகர் வாணி மகாலில் பார்த்தால் எனக்கு மனம் நிறைந்துவிடும். பிடித்த ஒருவரைத் திரும்பத் திரும்பக் கேட்பதுதான் இந்தச் சங்கீதத்துக்குள் நுழைய நல்ல வழி.

ஆனால் எங்கள் தலைமுறை செய்த அதே தவறுகளை இவர்களும் வரிசையாகச் செய்கிறார்கள். போனை அணைப்பது, பக்கத்தில் இருப்பவரோடு பேசாமலிருப்பது எல்லாம் எல்லோருக்கும் தெரிந்தவை. அவற்றை விட்டுவிடுகிறேன்.

பாட்டுப் பட்டியலை மட்டும் பார்ப்பது

"போன வாரம் பாடின அதே தோடி ராகத்தைத்தான் இன்றைக்கும் பாடினார்" என்று குறைப்பட்டுக்கொண்டே வெளியே போகிறவர்கள் உண்டு. கீர்த்தனை அதே கீர்த்தனைதான். ஆனால் அதற்கு முன் வார்த்தையில்லாமல் ராகத்தை விரித்த ஆலாபனை, நடுவில் ஒரே வரியைப் பல விதமாகப் பாடிய நிரவல், ஸ்வரங்களைக் கோத்துப் பாடிய கல்பனாஸ்வரம் மூன்றும் அந்த இடத்தில், அந்த நேரத்தில் உருவாகிறவை. போன வாரம் காந்தாரம் என்ற ஸ்வரத்தில் நின்று ராகத்தை விரித்தவர், இந்த வாரம் பஞ்சமத்துக்குப் போய் அங்கேயே குடியிருந்திருப்பார். அதைக் கவனிக்கத்தான் இரண்டாவது தடவை போகிறோம்.

அழைப்பிதழில் பாடகரின் பெயரோடு நிறுத்திக்கொள்ளாமல் கீழே உள்ள பெயர்களையும் படியுங்கள். வயலின் மாறினால் கச்சேரி மாறும். ஆலாபனையில் பாடகர் விட்ட இடத்திலிருந்து வயலின்காரர் எடுத்துக்கொண்டு போகிற பாதை, பாடகரின் அடுத்த யோசனையையே திருப்பிவிடும். மிருதங்கம் மாறினால் பாட்டின் நடையே மாறிவிடும். ஒரே பாடகரை இரண்டு வெவ்வேறு பக்கவாத்தியக் குழுவோடு கேட்டுப் பாருங்கள், அவரைப் பற்றி நீங்கள் நினைத்திருந்ததில் பாதி மாறிப்போகும்.

தனிக்கு எழுந்து போவது

இதைப் பற்றித்தான் எழுத உட்கார்ந்தேன். தனி என்றால் தனி ஆவர்த்தனம். பாட்டு நின்று, மிருதங்கம் முதலிய தாள வாத்தியங்கள் மட்டும் வாசிக்கும் பகுதி.

பிரதான உருப்படியில், அதாவது கச்சேரியின் முக்கியப் பாட்டில், கல்பனாஸ்வரம் முடிகிறது. கைதட்டல் ஓய்வதற்குள் பாடகர் மிருதங்க வித்வானைத் திரும்பிப் பார்த்துத் தலையசைக்கிறார். அந்தத் தலையசைப்புக்காகவே காத்திருந்தது போல நாற்காலிகள் கிரீச்சிடத் தொடங்கும். கழிப்பறைக்குப் போகிறவர்கள், கேன்டீனில் காபிக்குப் போகிறவர்கள், வீட்டுக்கு போன் பேசப் போகிறவர்கள். இவ்வளவு நேரம் கண்மூடிக் கேட்டுக்கொண்டிருந்த அதே ரசிகர்கள்தான்.

புதிதாக வருகிறவர்களுக்கு இதை யாரும் சொல்லித் தருவதில்லை. முன்வரிசைப் பெரியவர்கள் எழுவதைப் பார்த்து, இது இடைவேளை என்று நினைத்துக்கொள்கிறார்கள். என்னிடம் படிக்கும் பிள்ளைகளிலேயே ஒருவன், "சார், தனியில் என்ன நடக்கிறது என்றே புரியவில்லை, அதனால்தான் போய்விட்டு வந்தேன்" என்றான். நியாயமான பதில். புரிந்துகொள்ள வழி இருக்கிறது, அதற்குக் கையை மட்டும் அசைக்கத் தெரிந்தால் போதும்.

ஆதி தாளம் என்று வைத்துக்கொள்வோம். ஒரு தட்டு, பிறகு சுண்டுவிரல், மோதிரவிரல், நடுவிரல். அப்புறம் தட்டித் திருப்பு, தட்டித் திருப்பு. மொத்தம் 8 எண்ணிக்கை. ஒவ்வொன்றுக்குள்ளும் 4 மாத்திரை வைத்தால் தாளத்தின் ஒரு முழுச் சுற்றுக்கு, அதாவது ஒரு ஆவர்த்தனத்துக்கு, 32. இது சதுஸ்ர நடை. தனியில் மிருதங்கம் நடையை மாற்றும்போது உங்கள் கையின் வேகம் மாறாது, உள்ளே நிரம்புவதுதான் மாறும். திஸ்ரத்தில் அதே 8 எண்ணிக்கைக்குள் 24 மாத்திரை, கண்டத்தில் 40, மிஸ்ரத்தில் 56. கை ஒரே சீராகப் போட்டுக்கொண்டிருக்க, காதில் விழுவது திடீரென்று வேறு ஆளின் நடையாக ஆகிவிடும். அந்த இடம் பிடிபட்டுவிட்டால் பிறகு நீங்கள் நாற்காலியை விட்டு எழமாட்டீர்கள்.

அடுத்தது உரையாடல். முதலில் மிருதங்கம் சாவகாசமாக ஒரு சுற்று வாசிக்கும். கடமோ கஞ்சிராவோ பதில் சொல்லும். பிறகு குறைப்பு வரும். ஒரு ஆவர்த்தனம் அவர், ஒரு ஆவர்த்தனம் நான். அது அரையாகும், காலாகும், இரண்டு வாத்தியமும் ஒன்றன் வாயிலிருந்து ஒன்று சொல்லைப் பிடுங்குகிற அளவுக்குச் சுருங்கும். அவர் எதை வாசிக்கப் போகிறார் என்று எனக்கு முன்கூட்டித் தெரியாது. கேட்ட அந்தக் கணமே கணக்கைப் பிடித்துத் திருப்பித் தர வேண்டும். கடைசியில் இருவரும் சேர்ந்து மோரா என்ற முத்தாய்ப்பை வைத்து, கோர்வை என்கிற கணக்குக் கட்டுமானத்தை மூன்று முறை வாசித்து முடிப்போம். பல கோர்வைகள் 'ததிங்கிணதொம்' என்ற ஐந்து மாத்திரைச் சொல்லில் போய் நிற்கும். அந்த முடிவு பாட்டின் எடுப்புக்கு, அதாவது தாளத்தில் பாட்டு தொடங்கும் இடத்துக்கு, சரியாக வந்து சேர வேண்டும். எடுப்பு சமத்தில், அதாவது தாளத்தின் முதல் தட்டிலேயே, இருக்கலாம், அரை இடம் தள்ளியிருக்கலாம், ஒன்றரை இடம் தள்ளியும் இருக்கலாம். அந்தப் புள்ளியில் நாங்கள் இறங்க, பாடகர் பல்லவியை எடுக்க, இரண்டும் ஒன்றாக விழுகிறபோது அரங்கமே ஒரு மூச்சு விடும். காபிக்குப் போனவர்கள் அப்போதுதான் கதவைத் திறந்துகொண்டு உள்ளே வருவார்கள்.

சில வருஷங்களுக்கு முன் மயிலாப்பூரில் ஒரு கச்சேரி. மூத்த மிருதங்க வித்வான் ஒருவருடன் வாசித்தேன். ஏழு எண்ணிக்கை கொண்ட மிஸ்ர சாபு தாளத்தில் பிரதான உருப்படி. கண்ட நடையிலிருந்து ஏழுக்குத் திரும்புகிற ஒரு கோர்வையை அன்று பிற்பகல்தான் எனக்குச் சொல்லிக் கொடுத்திருந்தார். அழகான கட்டுமானம். தனி ஆரம்பித்ததும் பாதி சபை எழுந்தது. போதாக்குறைக்கு அமைப்பாளர் ஒருவர் ஓரமாக நின்று கடிகாரத்தைத் தட்டிக் காட்டினார். பெரியவர் எதுவும் சொல்லவில்லை. நடை மாற்றமே இல்லாமல், குறைப்பும் இல்லாமல், சின்னதாக ஒரு கோர்வை வைத்து ஐந்தாறு நிமிடத்தில் முடித்துக்கொண்டார். அந்த மிஸ்ர சாபு கோர்வை அன்று மேடைக்கு வரவே இல்லை. அதைப் பிறகும் அவர் எங்கேயும் வாசித்து நான் கேட்கவில்லை. எழுந்து போனவர்களுக்கு நஷ்டம் என்றால் அது அவர்கள் பாடு. உட்கார்ந்து கேட்டவர்களுக்கும் சேர்த்து அவர்கள் நஷ்டம் உண்டாக்கினார்கள். இன்றைக்கும் நினைத்தால் எனக்கு ஆத்திரம்தான் வருகிறது.

இது நாளாவட்டத்தில் எங்கே கொண்டுபோய் விடுகிறது என்று பாருங்கள். ஆள் எழுகிறார்கள் என்று தனியின் நேரம் குறைகிறது. நேரம் குறைவதால் வித்வான் துணிந்து எதையும் முயன்று பார்ப்பதில்லை, தெரிந்ததையே வாசிக்கிறார். தெரிந்ததையே வாசிப்பதால் கேட்கிறவருக்குச் சலிக்கிறது, அவரும் எழுகிறார். கஞ்சிரா மேதைகளான புதுக்கோட்டை மாமுண்டியா பிள்ளையும் தட்சிணாமூர்த்தி பிள்ளையும் கட்டி எழுப்பிய கலை இது. மிருதங்க வித்வான் பழனி சுப்பிரமணிய பிள்ளை இடதுகைக்காரர். அவர் வந்தால் மேடையில் உட்காரும் வரிசையையே மாற்ற வேண்டியிருக்கும். அப்படியும் அவரைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு பாடியவர் செம்பை வைத்தியநாத பாகவதர். மிருதங்கத்தில் காரைக்குடி மணியும் கஞ்சிராவில் ஹரிசங்கரும் சேர்ந்து வாசித்த தனிகளின் பதிவு கிடைத்தால் கையில் தாளம் போட்டுக்கொண்டு கேளுங்கள். அப்புறம் அரங்கத்துக்கு வாருங்கள்.

அவசரமாக வெளியே போயே ஆக வேண்டும் என்றால் ஆலாபனைக்கு முன் இரண்டு பாட்டுக்கு நடுவில் போய்விட்டு வாருங்கள்.

ராகத்தைப் போனில் தேடுவது

பாடி முடிக்கட்டும், அப்புறம் தேடலாம்.

முதல் வரிசைதான் உசத்தி என்று நினைப்பது

பெரிய அரங்கங்களில் முதல் வரிசையில் உட்கார்ந்தால் பாடகரின் முகம் தெரியும், ஆனால் எல்லா ஒலியும் சரியாகக் கலந்து வராது. பக்கவாட்டு ஒலிபெருக்கிப் பெட்டியின் இரைச்சலில் மிருதங்கத்தின் தொப்பி, அதாவது இடதுகைப் பக்கத்துக் கும்காரம், தொலைந்தே போகும். நடுவிலிருந்து சற்றுப் பின்னால் உட்காருங்கள். இன்னும் நல்லது, பிடித்தவர் சின்ன அரங்கத்தில் பாடும் நாளைப் பார்த்துப் போவது. மயிலாப்பூர் ராக சுதா ஹால் மாதிரி இடங்களில் கஞ்சிராத் தோலில் தண்ணீர் தடவி நான் சுருதியை இறக்குவதுகூட உங்களுக்குக் கேட்கும். மிருதங்க மேதை பாலக்காடு மணி அய்யர் மைக்கே வேண்டாம் என்று சொன்னவர். அவர் கேட்டது இந்த ஒலியைத்தான்.

மதியக் கச்சேரிகளை ஒதுக்குவது

மாலை நேரத்து நட்சத்திரங்களுக்கு மட்டும் சீட்டு வாங்கிக்கொண்டு, இலவசமாக நடக்கிற பிற்பகல் கச்சேரிகள் பக்கமே போகாதவர்கள் நிறைய. அங்கே பாடுகிறவர்களுக்கு இருபது சொச்சம் வயது, எதிரில் இருபது பேர். இன்று மாலை நேரத்தில் அரங்கம் நிறைக்கிறவர்களில் பலரும் அந்த மதிய வெயிலில் பாடி வந்தவர்கள்தான். ஒருவரை அங்கிருந்தே தொடர்ந்து கேட்டு வந்தால் அவருடைய குரலும் கற்பனையும் வருஷத்துக்கு வருஷம் எப்படி விரிகின்றன என்று கூடவே இருந்து பார்க்கலாம். அந்தச் சந்தோஷத்தை மாலைச் சீட்டு தராது.

ஒரே வாரத்தில் விடாமல் துரத்துவது

டிசம்பர் பனியில் நாள் விட்டு நாள் பாடுகிறவருக்குத் தொண்டை களைத்துத்தான் போகும். அந்த ஒரு வாரத்தை வைத்து அவரை எடைபோட வேண்டாம். நவராத்திரியில், ராமநவமியில், ஏதாவது ஊர்க் கோயில் விழாவில் கேளுங்கள். பெங்களூரு கோட்டை உயர்நிலைப் பள்ளி மைதானத்து ராமநவமிப் பந்தலில், நேரக் கெடுபிடி இல்லாமல் பாடும்போது அதே வித்வான் வேறு ஆளாக இருப்பார். பாடகர் எம்.டி. ராமநாதனின் விளம்ப காலம், அதாவது மிக நிதானமான நடை, முதல் முறை கேட்டபோது பிடிபடாமல் போய், பிறகு மறுபடி மறுபடி கேட்டு அவருக்கே அடிமையானவர்கள் பலர்.

நேரம் தெரியாமல் சீட்டு அனுப்புவது

பிடித்த பாட்டைத் துண்டுச் சீட்டில் எழுதி மேடைக்கு அனுப்புவது பழைய வழக்கம், எனக்கும் பிடித்த வழக்கம். ஆனால் பிரதான உருப்படி முடிந்த பிறகு காம்போதி ராகத்தில் விரிவான பாட்டு ஒன்றைக் கேட்டு எழுதினால் பாடகர் என்ன செய்வார்? தனிக்கு அப்புறம் வருவது துக்கடாக்கள் என்கிற சின்னப் பாட்டுகளின் நேரம். திருப்புகழ், விருத்தம், பதம், தில்லானா என்று கேளுங்கள், மகிழ்ச்சியோடு பாடுவார்கள். பெரிய ராகம்தான் வேண்டும் என்றால் கச்சேரி தொடங்கும் முன்பே மேடைப் பக்கம் வந்து கேட்டுவிடுங்கள். ஒரே ஒரு ராகத்தின் பெயர் போதும், பாட்டை அவர் தேர்ந்தெடுக்கட்டும்.