பழைய கணினிகள் இரண்டை ஒரே கேபிளால் இணைத்தல்

விண்டோஸ் எக்ஸ்பி காலத்துக் கணினிகள் இரண்டுக்கு இடையே கோப்புகளை மாற்றிக்கொள்ள ரவுட்டரோ ஸ்விட்சோ தேவையில்லை. இரண்டிலும் ஈதர்நெட் போர்ட் (நெட்வொர்க் கேபிள் செருகும் துளை) இருந்தால் ஒரு கேபிள் போதும். ஆனால் அது கிராஸ்ஓவர் கேபிளாக இருக்க வேண்டும். சாதாரண கேபிளில் இரு முனைகளின் கம்பி வரிசையும் ஒன்றாகவே இருப்பதால், ஒரு கணினி அனுப்பும் கம்பியிலேயே மற்றதும் அனுப்ப முயலும். கிராஸ்ஓவரில் 1-ஆம் கம்பி 3-க்கும், 2-ஆம் கம்பி 6-க்கும் மாறிச் செல்லும். முனைகளை அருகருகே பிடித்துப் பாருங்கள்: ஒன்று வெள்ளை-பச்சையிலும் மற்றது வெள்ளை-ஆரஞ்சிலும் தொடங்கினால் அது கிராஸ்ஓவர்தான். கணினிகளில் ஒன்றிலேனும் கிகாபிட் கார்டு (வேகமான, பிற்கால நெட்வொர்க் கார்டு) இருந்தால், பெரும்பாலும் அதுவே இதைச் சரிசெய்துகொள்ளும் என்பதால் சாதாரணக் கேபிளே வேலை செய்துவிடும்.

கேபிளைச் செருகியதும் போர்ட்டின் ஓரத்தில் சிறு விளக்கு எரிய வேண்டும். எரியாவிட்டால் மென்பொருள் அமைப்புகளில் தேடிப் பயனில்லை, கேபிளையே சந்தேகியுங்கள்.

பிறகு ஒரு கணினிக்கு 192.168.0.1 என்றும் மற்றதற்கு 192.168.0.2 என்றும் ஐபி முகவரி (நெட்வொர்க்கில் கணினியை அடையாளம் காட்டும் எண்) கொடுத்து, இரண்டும் ஒரே நெட்வொர்க்கில் இருப்பதைக் குறிக்கும் சப்நெட் மாஸ்க்கை இரண்டிலும் 255.255.255.0 என அமைத்து, வெளி நெட்வொர்க்குக்கு வழிகாட்டும் கேட்வே இடத்தைக் காலியாக விடுங்கள். ஒர்க்குரூப் (கணினிக் குழு) பெயர் இரண்டிலும் ஒன்றாகவும், கணினிப் பெயர்கள் வெவ்வேறாகவும் இருக்கட்டும்.

முதல் கணினியின் கமாண்ட் திரையில், மற்றக் கணினி பதில் தருகிறதா எனச் சோதிக்கும் பிங் (ping) கட்டளையுடன் 192.168.0.2 என்று தட்டிப் பாருங்கள். விளக்கு எரிந்தும் பதில் வராவிட்டால், பெரும்பாலும் வெளியிலிருந்து வரும் தொடர்புகளை மறிக்கும் பாதுகாப்பு மென்பொருளான ஃபயர்வால்தான் தடுக்கிறது. அதை முழுவதுமாக அணைக்காமல், கோப்புப் பகிர்வுக்கு மட்டும் விலக்கு அளித்துவிட்டு, வேண்டிய ஃபோல்டரைப் பகிருங்கள்.