டேங்கரைப் பார்த்ததும் நாம் செய்யும் தவறுகள்: வாளையார் பாதையிலிருந்து

தமிழ்நாடு-கேரள எல்லையை ஒட்டிய வாளையாருக்கும் கஞ்சிக்கோட்டுக்கும் நடுவே தேசிய நெடுஞ்சாலை 544 ஓரத்தில் அரை மணி நேரம் நின்றால் போதும். கொச்சியிலிருந்து வரும் கேஸ் புல்லட் (தோட்டா போல நீண்டு உருண்ட டேங்க் வண்டி), பெட்ரோல் வண்டி, ஆசிட் வண்டி, திரவ ஆக்ஸிஜன் ஏற்றிய வண்டி என்று வரிசையாகப் போகும். நம் பக்கத்து ஆட்கள் எல்லாவற்றையும் ‘டேங்கர்’ என்ற ஒரே சொல்லில் முடித்துவிடுகிறோம். இந்த வட்டாரத்து ஆலை ஒன்றில் பாதுகாப்புப் பிரிவில் பல வருடம் வேலை பார்த்தவன் நான். வண்டி ஒன்று கவிழ்ந்தால் முதலில் அதன் அருகே ஓடிப் போகிறவர்கள் பக்கத்து வீட்டுப் பிள்ளைகளும் ஆட்டோ ஓட்டும் தம்பிகளும்தான். அவர்களுக்காகவே இதை எழுதுகிறேன்.

முதல் தவறு, நிறத்தையும் கம்பெனிப் பெயரையும் பார்த்து முடிவு செய்வது. வெயில் சூடு ஏறாமல் இருக்க வெள்ளை அடிப்பார்கள். கேஸுக்கும் அதே வெள்ளை, பெட்ரோலுக்கும் அதே வெள்ளை. பார்க்க வேண்டியது டேங்கின் முனைகளை. இரண்டு முனையும் பந்தை வெட்டி ஒட்டியது போல உருண்டு திரண்டிருந்தால், உள்ளே அழுத்தத்தில் அடைத்த பொருள் இருக்கிறது என்று அர்த்தம். சமையல் கேஸ், அமோனியா, குளோரின் எல்லாம் இப்படித்தான் வரும். பின்னால் நின்று பார்க்கும்போது முட்டை வடிவில் அகன்று, முனை கிட்டத்தட்டத் தட்டையாக இருந்தால் அது பெரும்பாலும் பெட்ரோல் அல்லது டீசல். ஒல்லியான உருளை, வெளியே வளையம் வளையமாகப் பட்டை போட்டிருந்தால் ஆசிட்டாக இருக்க வாய்ப்பு அதிகம்.

இந்த வித்தியாசம் ஏன் முக்கியம்? அழுத்தத்தில் இருக்கும் சமையல் கேஸ் வெளியே வந்தால் சுமார் 250 மடங்கு விரியும். காற்றைவிடக் கனமானது என்பதால் மேலே போகாது. தரையோடு தவழ்ந்து சாக்கடையிலும் பள்ளத்திலும் வீட்டு வாசலிலும் தேங்கும். 2012 ஆகஸ்ட் 27 இரவு கண்ணூர் சாலாவில் கேஸ் டேங்கர் கவிழ்ந்தபோது நடந்தது அதுதான். கசிந்த கேஸ் பக்கத்து வீடுகள் வரை பரவிப் பற்றிக்கொண்டது. 20 பேர் இறந்தார்கள். 2025 ஜனவரி 3 அதிகாலை கோவை அவினாசி சாலை மேம்பாலத்தில் கொச்சியிலிருந்து வந்த கேஸ் டேங்கர் கவிழ்ந்தது. கசிவு இருந்தும் தீப்பிடிக்கவில்லை. தீயணைப்புப் படையினர் தண்ணீரைப் பீய்ச்சியடித்துக்கொண்டே இருந்தார்கள், சுற்றிலும் பள்ளிகளுக்கு விடுமுறை விட்டார்கள், மணிக்கணக்கில் ஆனாலும் பொறுமையாக வண்டியைத் தூக்கினார்கள். அந்தப் பொறுமையை நினைக்கும்போதெல்லாம் எனக்கு நெஞ்சு நிறையும்.

உருண்ட முனை டேங்கைத் தீ சூழ்ந்துவிட்டால் பக்கத்தில் நின்று படம் பிடிக்காதீர்கள். திரவம் தொடாத மேல் தகடு சூட்டில் இளகிப் பிளக்கும். துண்டுகள் நூற்றுக்கணக்கான மீட்டர் பறக்கும்.

அடுத்தது, தரையில் நிற்கும் டேங்குகளில் வரும் குழப்பம். எண்ணெய் டிப்போக்களில் தட்டையான அடிப்பாகத்தோடு நிற்கும் பெரிய உருளைகள் எல்லாம் ஒன்றல்ல. கூம்பு மூடி போட்டதில் டீசல், ஃபர்னஸ் ஆயில் போன்றவை இருக்கும். மூடியே இல்லாதது போலத் தெரிந்து, மேல் விளிம்பைச் சுற்றி நடைபாதை போல வளையம் ஓடினால், உள்ளே எண்ணெயின் மேல் மிதக்கும் கூரை இருக்கிறது. கச்சா எண்ணெய், பெட்ரோல் இரண்டையும் இப்படி வைப்பார்கள். இதில் ஏமாற்றுவது மூன்றாவது வகை: மேலே கூம்பு மூடி, உள்ளே மிதக்கும் கூரை. வெளியிலிருந்து டீசல் டேங்க் போலவே தெரியும், உள்ளே பெட்ரோல் இருக்கும். சுவரின் மேல் விளிம்பை ஒட்டி வரிசையாகக் காற்றுத் திறப்புகள் தெரிகிறதா என்று பாருங்கள். அதுதான் அடையாளம்.

புல் முளைத்த மண்மேட்டைப் பார்த்து ‘இங்கே ஒன்றும் இல்லை’ என்று கடப்பதும் தவறு. கேஸ் நிரப்பும் இடங்களில் புல்லட் டேங்குகளை மண்ணால் மூடி வைப்பது வழக்கம். மேட்டின் உச்சியில் குழாய்களும் வால்வுகளும் தலைகாட்டும். வெளித் தீயிலிருந்து காக்க இது நல்ல ஏற்பாடுதான். ஆனால் உள்ளே நடப்பதை மண் தடுக்காது. போபாலில் 1984-இல் விஷவாயு கக்கிய 610-ஆம் எண் டேங்கும் மண் மூடிக் கிடந்ததுதான்.

கவிழ்த்த கிண்ணம் போல மூடி போட்ட பெரிய டேங்கைத் தண்ணீர்த் தொட்டி என்று நினைப்பவர்களும் உண்டு. குளிரவைத்துத் திரவமாக்கிய பொருளை வைக்கும் வடிவம் அது. அமோனியா மைனஸ் 33 டிகிரியில், கொச்சி புதுவைப்பின் முனையத்தின் இயற்கை எரிவாயு மைனஸ் 162 டிகிரியில். அமோனியா காற்றைவிட லேசானது, மேலே போய்விடும் என்று புத்தகம் படித்தவர்களே நம்புகிறார்கள். குளிர்ந்து கொட்டும்போது அதுவும் வெள்ளைப் புகையாகத் தரையோடுதான் ஊர்ந்து வரும்.

வடிவத்தை மட்டும் நம்பினாலும் தப்பு. 2020 மே 7 விடியற்காலையில் விசாகப்பட்டினம் வெங்கடாபுரத்தில் உயிர்களைப் பறித்த ஸ்டைரீன் (பிளாஸ்டிக் செய்யப் பயன்படும் ரசாயனம்), அழுத்தமில்லாத சாதாரண டேங்கில் இருந்த திரவம். அது தானாகச் சூடேறி ஆவியானது. உள்ளிருக்கும் பொருள் எப்படி அடைபட்டிருக்கிறது என்பதை உருவம் சொல்லும். அதன் பெயரைச் சொல்வது வண்டியின் பக்கத்திலும் பின்னாலும் இருக்கும் பலகைதான். அதிலுள்ள நான்கு இலக்க எண்ணைப் பாருங்கள்: 1075 சமையல் கேஸ், 1203 பெட்ரோல், 1202 டீசல், 1005 அமோனியா, 1017 குளோரின், 1830 சல்ஃப்யூரிக் ஆசிட். பலகையில் அந்த எண்ணுக்கு மேலே இருக்கும் அவசரகாலக் குறியீடு E என்ற எழுத்தில் முடிந்தால், சுற்றியிருக்கும் மக்களை வெளியேற்றுவதைப் பற்றி யோசிக்க வேண்டும் என்று பொருள். எண்ணைப் படிக்கக் கிட்டே போகாதீர்கள். கைப்பேசி கேமராவைப் பெரிதாக்கித் தூரத்திலிருந்தே படிக்கலாம்.

‘காலி வண்டிதானே’ என்பார்கள். காலி பெட்ரோல் டேங்கில் ஆவி நிறைந்திருக்கும். அதில் வெல்டிங் வைப்பது நிறைந்த டேங்கைவிட மோசம்.

நம் பாலக்காட்டுக் கணவாய்க்கென்றே ஒரு தவறு இருக்கிறது. காற்றைக் கவனிக்காமல் ஓடுவது. ஆடிக் காற்று கேரளப் பக்கமிருந்து கோவையை நோக்கி அடிக்கும். மார்கழி, தையில் கிழக்கிலிருந்து பாலக்காட்டுப் பக்கம் வீசும். கசிவு என்றால் காற்றுக்குக் குறுக்கே நகர்ந்து, காற்று வரும் பக்கமாக மேட்டுக்குப் போக வேண்டும்.

101-க்கோ 112-க்கோ பேசும்போது ‘டேங்கர் கவிழ்ந்துருச்சு’ என்று மட்டும் சொல்லி வைத்துவிடாதீர்கள். முனை உருண்டையா தட்டையா, பலகையில் என்ன எண், காற்று எந்தப் பக்கம் அடிக்கிறது, இந்த மூன்றையும் சொல்லுங்கள். எல்லையில் உங்கள் அழைப்பைத் தமிழ் தெரிந்தவர் எடுக்கலாம், மலையாளம் மட்டும் தெரிந்தவரும் எடுக்கலாம். அதனால் எண்ணை இலக்கம் இலக்கமாக நிறுத்திச் சொல்லி, அவரைத் திருப்பிச் சொல்ல வையுங்கள்.