நம்பிய ஹோஸ்டிங் நிறுவனம் கைமாறிவிட்டதா? உங்கள் தளத்தைச் சேதமில்லாமல் வெளியே கொண்டுவரும் முறை

எந்த நிறுவனம் வேண்டவே வேண்டாம் என்று விலகி வந்தீர்களோ, அதே நிறுவனம் உங்கள் தளத்தை வைத்திருக்கும் ஹோஸ்டிங் நிறுவனத்தை விலைக்கு வாங்கிவிட்டது என்று மின்னஞ்சல் வருகிறது. "உங்களுக்கு எதுவும் மாறாது" என்ற வரியும் அதில் இருக்கிறது. கோபம் வராமல் இருந்தால்தான் ஆச்சரியம்.

2013 அக்டோபரில் மீடியா டெம்பிள் என்ற ஹோஸ்டிங் நிறுவனத்தை, டொமைன் விற்கும் பெரிய நிறுவனமான கோடாடி வாங்கியபோது அதன் வாடிக்கையாளர்கள் கொதித்தார்கள். இணையத் திருட்டைத் தடுக்கவென்று அமெரிக்காவில் வந்த சோபா மசோதாவை 2011இல் கோடாடி ஆதரித்ததையும், எதிர்ப்பு கிளம்பிய பிறகே பின்வாங்கியதையும் அவர்கள் மறக்கவில்லை. மீடியா டெம்பிள் தனியாகவே இயங்கும் என்று அப்போது சொல்லப்பட்டது. 2023இல் அந்தப் பெயரே கோடாடிக்குள் கரைந்துபோனது. எனவே வெளியேற நினைப்பதில் தவறே இல்லை. ஆனால் கோபத்தில் முதல் வேலையாகக் கணக்கை ரத்து செய்துவிடாதீர்கள். அது கடைசிப் படி.

படி 1: டொமைன் யாரிடம் இருக்கிறது என்று பாருங்கள்

டொமைன் என்பது உங்கள் முகவரி. ஹோஸ்டிங் என்பது நீங்கள் குடியிருக்கும் வீடு. இரண்டையும் ஒரே இடத்தில் வாங்கியிருந்தால் இரண்டையும் தனித்தனியாக நகர்த்த வேண்டும். முதலில் தளத்தை நகர்த்துங்கள், டொமைனைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம்.

இங்கே பலர் மாட்டிக்கொள்ளும் இடம் ஒன்று உண்டு. போவதற்கு முன் விவரங்களைச் சரிசெய்துவிடலாம் என்று உரிமையாளர் பெயரையோ மின்னஞ்சலையோ திருத்துவார்கள். டாட் காம் போன்ற டொமைன்களில் அந்தத் திருத்தமே, டொமைனை வேறு நிறுவனத்துக்கு மாற்ற முடியாதபடி 60 நாள் பூட்டைப் போட்டுவிடலாம். பதிவு செய்து 60 நாள் ஆகாத டொமைனுக்கும் இதே சிக்கல்தான். பழைய மின்னஞ்சல் இன்னும் உங்கள் கையில் இருந்தால், விவரங்களில் கை வைக்காமல், டொமைனை வேறு இடத்துக்கு எடுத்துப்போகத் தேவையான மாற்றக் குறியீட்டை மட்டும் கேட்டு வாங்குங்கள்.

படி 2: பேக்கப் எடுங்கள், திறந்தும் பாருங்கள்

கோப்புகள், தரவுத்தளம், அஞ்சல்கள் ஆகிய மூன்றும் வேண்டும். வேர்ட்பிரஸ் தளமென்றால் கட்டுரைகள் தரவுத்தளத்தில் இருக்கும். படங்கள் அப்லோட்ஸ் கோப்புறையில் இருக்கும். ஒன்றை மட்டும் எடுத்தால் பாதித் தளம்தான் மிஞ்சும். தரவுத்தளத்தை பிஎச்பிமைஅட்மின் என்ற நிர்வாகக் கருவியில் 'எக்ஸ்போர்ட்' கொடுத்து இறக்கலாம்.

இறக்கிய கோப்பை ஒரு சாதாரண எழுத்துத் திருத்தியில் திறந்து, கடைசி வரி வரை போங்கள். ஒரு வரி பாதியில் அறுந்து நின்றால் இறக்கம் முழுமையடையவில்லை. அதே கோப்பில், நீங்கள் கடைசியாக எழுதிய கட்டுரையின் தலைப்பையும் தேடிப் பாருங்கள். இரண்டும் சரியாக இருந்தால்தான் அதை பேக்கப் என்று நம்பலாம்.

படி 3: புதிய இடத்தின் உரிமையாளரை விசாரியுங்கள்

பெயர்ப்பலகையை மட்டும் பார்த்து ஏமாறாதீர்கள். புளூஹோஸ்ட், ஹோஸ்ட்கேட்டர் இரண்டும் வேறு வேறு பெயர்கள். 2013இல் இரண்டுக்கும் உரிமையாளர் என்டூரன்ஸ் என்ற ஒரே நிறுவனம். அந்த ஆண்டு ஆகஸ்டில் யூட்டாவிலிருந்த தரவு மையம் பழுதானபோது இரண்டும் ஒன்றாகவே முடங்கின. தளத்தின் அடியிலுள்ள சேவை விதிமுறைகளைத் திறந்தால், ஒப்பந்தம் எந்த நிறுவனத்தோடு என்பது தெரியும்.

படி 4: யாருக்கும் தெரியாமல் சோதியுங்கள்

புதிய சர்வரில் தளத்தை ஏற்றியதும், உங்கள் கணினிக்கு மட்டும் அதைக் காட்டலாம். 'ஹோஸ்ட்ஸ்' என்ற கோப்பில், புதிய சர்வரின் ஐபி முகவரியை (அதன் எண் முகவரி) எழுதி, ஓர் இடைவெளி விட்டு, டொமைன் பெயரை எழுதுங்கள். விண்டோஸில் இது சிஸ்டம்32, டிரைவர்ஸ், ஈடிசி என்று உள்ளே உள்ளே போனால் கிடைக்கும். இப்போது உலகம் பழைய தளத்தைப் பார்க்கும், நீங்கள் புதியதைப் பார்ப்பீர்கள். படங்கள், தேடல், தொடர்புப் படிவம் எல்லாவற்றையும் அழுத்திப் பாருங்கள். முடிந்ததும் அந்த வரியை அழித்துவிடுங்கள்.

படி 5: டிஎன்எஸ் மாற்றம்

டிஎன்எஸ் என்பது டொமைன் பெயரை சர்வரோடு இணைக்கும் பதிவேடு. மாற்றுவதற்கு ஒரு நாள் முன்பே டிடிஎல் மதிப்பை, அதாவது பழைய பதிவை மற்ற கணினிகள் நினைவில் வைத்திருக்கும் நேரத்தை, 300 வினாடியாகக் குறையுங்கள். பிறகு தளம் எந்த சர்வரில் இருக்கிறது என்று சொல்லும் ஏ பதிவில் புதிய ஐபி முகவரியைக் கொடுத்தால் சில நிமிடங்களில் பலரும் புதிய சர்வருக்கு வந்துவிடுவார்கள். இந்தப் பதிவுகளை வைத்திருக்கும் நேம்சர்வரையே மாற்றுவதாக இருந்தால் இரண்டு நாள் வரை ஆகலாம். அந்த நேரத்தில் புதிதாக எதையும் வெளியிடாதீர்கள். அது பழைய தரவுத்தளத்தில் போய் விழக்கூடும்.

அஞ்சல் எந்த சர்வருக்குப் போக வேண்டும் என்று சொல்லும் எம்எக்ஸ் பதிவுகளை மறக்கவே மறக்காதீர்கள். என் முதல் இடமாற்றத்தில் நேம்சர்வரை மாற்றினேன். எம்எக்ஸ் பதிவுகளைப் புதிய இடத்தில் எழுதவில்லை. தளம் அழகாகத் திறந்தது, அதனால் நிம்மதியாக இருந்துவிட்டேன். மூன்று நாள் கழித்து ஒருவர் தொலைபேசியில் அழைத்து, அனுப்பிய அஞ்சல் திரும்பி வந்துவிட்டது என்று சொன்ன பிறகுதான் விஷயம் புரிந்தது. அதற்குள் யார் யார் எழுதினார்கள் என்பது எனக்கு இன்றுவரை தெரியாது. அதனால் டிஎன்எஸ் பக்கத்தைத் தொடுவதற்கு முன் அங்குள்ள ஒவ்வொரு பதிவையும் எழுதி வைத்துக்கொள்ளுங்கள்.

படி 6: இப்போது ரத்து செய்யுங்கள்

பழைய கணக்கை இரண்டு வாரமாவது வைத்திருங்கள். பிறகு தானியங்கிப் புதுப்பித்தலை நிறுத்தி, அட்டை விவரத்தை நீக்கி, ரத்து உறுதியான அஞ்சலைச் சேமியுங்கள். டொமைன் இன்னும் அங்கேயே இருந்தால், அது புதிய பதிவாளருக்கு (டொமைனைப் பதிவு செய்து தரும் நிறுவனம்) வந்து சேரும் வரை அதன் புதுப்பித்தலை மட்டும் நிறுத்த வேண்டாம்.

ரத்துப் படிவத்தில் காரணம் கேட்பார்கள். 'வேறு காரணம்' என்று கடந்து போகாதீர்கள். எத்தனை ஆண்டுகள் வாடிக்கையாளராக இருந்தீர்கள், எந்த நிறுவனம் வாங்கியதால் போகிறீர்கள் என்று இரண்டு வரி தெளிவாக எழுதிவிட்டு வெளியேறுங்கள்.